தவளைக் காணியில் பூவரசங் கதியால்

கதியால் விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: தளிர்த்தால் நட்டவரின் கைராசி, செத்தால் விற்றவளின் ஏமாற்று. கதியால் என்றால் வேறொன்றுமில்லை, வேலிக்கு ஊன்றுகிற பச்சைத் தடிதான். பூவரசிலோ கிளுவையிலோ ஆளுயரக் கொப்பாக வெட்டி ஊன்றினால் வேர்விட்டு மரமாகவே நிற்கும். எதையாவது நட்டுவிட்டு, "உது வராது" என்று சொல்கிற அயலாரின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தவளைக்கு எழுதின சீதனம்

எனக்குச் சீதனமாக வந்தது அச்சுவேலிக்குக் கிழக்கே, கடல்நீரேரிப் பக்கம் சரிந்து கிடக்கிற எட்டுப் பரப்புக் காணி. மேட்டு எல்லையில் பதினேழு கிழட்டுப் பூவரசுகள். மற்றதெல்லாம் பள்ளம். மாரியில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும், கோடையில் உப்புப் பூத்து வெளிறிக் கிடக்கும். மாமியார் வீட்டில் அதைத் தவளைக் காணி என்றார்கள். அந்தப் பூவரசுகளில் நான் கதியால் வெட்டி விற்கத் தொடங்கியபோது, பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று ஊர் கேட்டது. பொம்பிளையை வேலிக்குள் இருக்கச் சொல்கிற ஊருக்கு, அவள் வேலியை விற்றால் மட்டும் ஏன் கோபம் வருகிறதோ தெரியவில்லை.

எண்பத்தெட்டில் என் கணவர், காணியை விற்றுவிட்டுக் கொழும்பில் ஒரு அறை எடுத்து இருப்போம் என்று சொல்லத் தொடங்கினார். வாங்குவதற்கு ஆளும் தயார். பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர் நல்லையா மாஸ்டர். எனக்கு ஊரை விடவும் மனமில்லை, காணியை விடவும் மனமில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பத்து நாள் சண்டைக்குப் பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்று மாரிக்குள் அந்தப் பள்ளத்தில் நான் மரம் நிற்பாட்டிக் காட்டினால் காணி விற்பதில்லை. இல்லையென்றால் பேசாமல் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கேள்விப்பட்ட மாஸ்டர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, உதிலை தவளை மட்டும்தான் நிக்கும். காணி உறுதியை என்னட்டைத் தாரும், தவளையையும் சேத்து நான் பாக்கிறன்."

முதல் மாரி

மாஸ்டர் மேலிருந்த கோபத்தில் இருநூறு கதியால் வெட்டி, வெட்டின கையோடு, கொட்டுகிற மழையில், தேங்கிய தண்ணீருக்குள்ளேயே அலவாங்குக் கடப்பாரையால் குழி குத்தி ஊன்றினேன். பூவரசுக்கு ஈரம் பிடிக்கும், அதனால் வெள்ளத்தில் இன்னும் விரைவாக வரும் என்பது என் கணக்கு. தைப்பொங்கலுக்குள் அத்தனையும் அழுகிவிட்டது.

என்னோடு கதியால் வெட்டுகிறவர் சின்னத்துரையண்ணை. நாற்பது வருடமாக வேலி அடைக்கிற மனிதர். அழுகியதில் ஒன்றைப் பிடுங்கி மணந்து பார்த்துவிட்டு, முறையைச் சொன்னார். ஆவணியில் வெட்ட வேண்டும். வெட்டுவாய் காயும்வரை நிழலில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பள்ளமென்றால் மண்ணை வரம்பாக உயர்த்தி, அதன்மேல் மழைக்கு முன்பே ஊன்றிவிட வேண்டும். இவ்வளவும் தெரிந்த மனிதர் ஏன் முதலே வாய் திறக்கவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "நீர் எங்கை கேட்டனீர், தங்கச்சி? அலவாங்கைப் பறிச்சுக்கொண்டெல்லோ போனனீர்."

சாணித் தலை

ஊன்றின கதியாலின் நுனி வெயிலில் காய்ந்து வெடிக்காமல் இருக்க, அதில் சாணியை உருட்டி அப்பிவிடுவோம். வாங்குகிறவர்களுக்கும் அப்படியே அப்பித்தான் கொடுப்பேன். உடுவிலிலிருந்து ஓய்வுபெற்ற கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் வந்து நாற்பது கதியால் வாங்கிப் போனார். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்து, செத்த தடியை விற்றுவிட்டேன் என்று வாசல் படலையில் நின்று சத்தம் போட்டார். நானும் விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

நாற்பதும் தலைகீழாக நின்றன. அடிப்பக்கம் சீவின கூர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, சாணித் தலை மண்ணுக்குள் புதைந்திருந்தது. அந்த நிலையிலும் மூன்று கதியால் தளிர்த்து, தளிர் கீழே இறங்கிப் பிறகு மேலே வளைந்திருந்தது. அந்த மூன்றையும் கும்பிடலாம் போலிருந்தது. ஏன் ஐயா இப்படி நட்டீர்கள் என்று கேட்டேன். "சாணி உரமெல்லோ, பிள்ளை? பசளையை ஆகாயத்துக்கு ஆர் வைப்பினம்?"

ஒரு எல்லை, இரண்டு வேலி

எல்லைக் கதியால் செத்தால், புதிதாக ஊன்றுகிறவர் ஒரு விரற்கடை மற்றவர் பக்கம் தள்ளி ஊன்றுவது எங்களூர் வழக்கம். நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். கரவெட்டியில் இரண்டு சகோதரர்கள் இதற்காகவே கோட்டில் வழக்காடிக் களைத்தவர்கள். ஒருநாள் அண்ணன்காரர் கதியால் வாங்கிக்கொண்டு போக, அரைமணி கழித்துத் தம்பி வந்தார். இரண்டு பேருக்கும் அதே எல்லைதான்.

திரும்ப வழக்கு வந்துவிடுமென்ற பயத்தில் ஆளுக்கு ஒரு முழம் தங்கள் பக்கமே தள்ளி ஊன்றிவிட்டார்கள். இப்போது இரண்டு வேலி, நடுவில் ஆருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்து. இரண்டு வீட்டுக் கோழியும் அதற்குள்தான் முட்டையிடுகின்றன. தம்பி என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்: "காணி எனக்கு வேண்டாமக்கா. முட்டை ஆரின்ரை எண்டு மட்டும் ஒரு முடிவு சொல்லுங்கோ."

இரண்டாம் மாரி

இந்த முறை சின்னத்துரையண்ணை சொன்னபடியே செய்தேன். அலவாங்கும் அவர் கையில்தான். பாதி தப்பியது. வரம்பில் தளிர் பிடித்து நிழல் விழத் தொடங்கியதும், அதுவரை கண்டிராத ஆட்களெல்லாம் குடிவந்தார்கள். கொக்கு வந்தது, நீர்க்காகம் வந்தது, கானாங்கோழி குஞ்சுகளோடு வந்தது. ஒரு உடும்பும் வந்தது, அதை நான் வெளியே சொல்லவில்லை. சொன்னால் சட்டிக்குப் போய்விடும்.

மாஸ்டர் தினமும் சத்தம் போட்டார். புகையிலையில் எச்சம், கிணற்றடியில் எச்சம், காயப்போட்ட வேட்டியில் எச்சம். மரத்தை வெட்டு, இல்லாவிட்டால் வெடி கொளுத்திப் பறவையைக் கலை என்றார். வெடிச்சத்தம் எங்களுக்குக் குறைவா மாஸ்டர், அந்தப் பறவைகளாவது கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும் என்றேன். நான் திரும்பி வரும்போது அவருடைய மனைவி வேலியில் விழுந்த பொட்டுக்குள்ளால் மெல்லக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவர் கத்தட்டும், நீர் வெட்டிப்போடாதையும். அந்தக் கோழி குஞ்சோடை போறதைப் பாக்கத்தான் மனிசன் வெள்ளண எழும்புது."

மறைப்பு

தொண்ணூறில், சண்டையில் வடக்குக் கரையிலிருந்து வீடுவாசலை விட்டு வந்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கைத் தெருக் கோடியில் இருந்த வெறுங்காணியில் கொட்டில் போட்டார்கள். அதில் யோகம் என்றொருத்தி, கடற்றொழில்காரர் ஒருவரின் மனைவி, வயதுக்கு வந்த குமர்ப்பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தாய், குளிக்க மறைப்பாகக் கிணற்றடியைச் சுற்றி நட முப்பது கதியால் கேட்டு வந்தாள். அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பிவிடுவோம், பிறத்தியார் காணியில் எதற்கு மரம் என்று கூட வந்தவர்களே அவளைப் பகிடி பண்ணினார்கள்.

நான் முற்றின கதியாலாகத் தெரிந்து கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடக் கோபம் வந்தது. கதியாலைத் தோளில் தூக்கிக்கொண்டு, சிரித்தவர்களுக்குக் கேட்கும்படியாகவே அவள் என்னிடம் சொன்னாள்: "திரும்பிப் போற நாளும் குளிச்சிட்டுத்தான் போகவேணும், அக்கா."

விறகு

மூன்றாம் மாரி முடிந்தபோது பள்ளத்தில் நூற்று நாற்பது மரம் நின்றது. என் கணவரே வரம்பில் நடந்து எண்ணிப் பார்த்துவிட்டு, சரி, காணி விற்பதில்லை என்றார். நானும் ஒரு பேய்ச்சி மாதிரி நம்பினேன். மண்ணெண்ணெய் இல்லாமல் ஊர் முழுக்க விறகுக்கு அலைந்த காலம் அது. ஒருநாள் காலையில் விறகு விற்கிற விறகுகாலை முதலாளி, மரம் அரிகிற ஆட்கள் இரண்டு பேரையும் மாட்டுவண்டியையும் கொண்டு வந்து இறங்கினார். மேட்டிலிருந்த பதினேழு கிழட்டுப் பூவரசையும் என் கணவர் விலைபேசி முடித்திருந்தார். உடன்பாடு காணிக்குத்தான், மரத்துக்கில்லை என்பது அவர் நியாயம்.

நான் போய் முதல் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். "விலத்தும். கொழும்புக்குப் போற காசுக்கு வேறை வழியில்லை. வெட்டினால் திரும்பத் தளிர்க்கும் எண்டு நீர்தானே ஊருக்குச் சொல்லுறனீர்" என்றார் கணவர்.

"கொப்பை வெட்டினால் தளிர்க்கும். அடியை அரிஞ்சால் எதிலையிருந்து தளிர்க்கிறது?" என்றேன். "பள்ளத்திலை நிக்கிறது இன்னும் கதியால் குடுக்கிற வயசில்லை. இந்த வரிசை போனால் எனக்குத் தொழிலுமில்லை, யோகம் மாதிரி வாற சனத்துக்கு மறைப்புமில்லை. நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் இஞ்சைதான்."

வேலிக்கு அப்பாலிருந்து மாஸ்டர் ஓடி வந்தார். எனக்காக இல்லை. யூரியா வராத வருடம், பூவரசங் குழையை, அதுதான் இலைக் கொப்பை, மண்ணில் தாழ்த்துத்தான் அவர் புகையிலைக்கு உரம் போட்டிருந்தார். "இதை வெட்டினால் என்ரை தோட்டத்துக்கு எதைத் தாழ்க்கிறது?" என்று என் கணவரோடு சண்டைக்கு நின்றார். முதலாளி என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு என் கணவரிடம் சொன்னார்: "ஐயா, மரத்துக்கு மட்டும்தான் விலை பேசினனீங்கள், மனுசியோடை பேசேல்லைப்போலை."

கொழும்புக்கு எவரும் போகவில்லை, வராது என்ற மாஸ்டர் குழைக்கும், வெட்ட வந்த முதலாளி தன் விறகுகாலை வேலிக்குக் கதியாலுக்கும் இப்போது என் படலையில்தான் வந்து நிற்கிறார்கள், பிடிவாதக்காரி என்ற பெயர் மட்டும் எனக்கு மாறவில்லை, மாறவும் விடமாட்டேன்.