அடுப்படியில் விமான நிலையத் தரை

லட்சம் பேர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தும் கீறல் விழாத தரை எங்கள் வீட்டு அடுப்படியைத் தாங்காதா என்று நான் நம்பினேன். முழு மனதோடு நம்பினேன். துபாய் விமான நிலையத்தில் தரையை மெருகேற்றும் மெஷினைத் தள்ளுகிறவன் நான். தரை விஷயத்தில் எனக்குப் புத்தி சொல்ல இன்னொருவன் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பு. அங்கே நடக்கிறவர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டவர்கள், யாரும் கஞ்சி வடிப்பதில்லை, மத்தி மீன் கழுவுவதில்லை என்பது மட்டும் மூளைக்கு எட்டவில்லை.

பாபநாசத்தில் வீடு கட்டி முடிகிற சமயம் விடுமுறையில் வந்தேன். டைல்ஸ் வாங்கத் தஞ்சாவூருக்குப் போனோம். நான், என் மனைவி, லாத்தா. லாத்தா என் மூத்த அக்கா. மச்சான் மவுத்தாகி, அவள் தனியாளான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். வீடு என் பேரில் இருந்தாலும் அடுப்படி லாத்தாவுடையது. எந்நேரமும் ஆள் வந்துபோகிற வீடு. நோன்பு மாதம் வந்தால் பாதித் தெரு எங்கள் கஞ்சியைத்தான் குடிக்கும்.

கடையில் லாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பரப்பியிருந்த டைல்ஸ்மேல் ஒவ்வொன்றாக ஏறி நின்று பார்த்தாள். சாம்பல் கலந்த பழுப்பில், பளபளப்பே இல்லாத ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"இது நல்லாருக்குடா தம்பி. சொரசொரன்னு கால் நிக்குது. கறையும் தெரியாது."

"லாத்தா, இது பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குப் போடுற சரக்கு. விருந்துக்கு வரவன் வாசல்லயே காசை நீட்டுவான்."

கடையே சிரித்தது. லாத்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு எந்த டைல்ஸிலும் அவள் கால் வைக்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்தும் அடுத்த நகைச்சுவைக்குப் போய்விட்டேன். பால் வெள்ளையில், குனிந்தால் முகம் தெரிகிற டைல்ஸை வாங்கிப் பதித்துவிட்டு விமானம் ஏறினேன்.

அங்கிருந்து போன் போடும்போதெல்லாம் என் முதல் கேள்வி, "டைல்ஸ் எப்படி இருக்கு?"

"போட்டது போட்டபடி புதுசாவே இருக்குங்க," என்பாள் மனைவி. நான் பக்கத்துக் கட்டில்காரனைப் பார்த்து, "சரக்கு அப்படி" என்று மீசையைத் தடவுவேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மனைவியின் குரல் மாறியிருந்தது. "லாத்தா வழுக்கி விழுந்துட்டாங்க. வலது கை எலும்பு முறிஞ்சிருச்சு. டாக்டர் என்ன சொல்றாருன்னா, விரல் பழையபடி மடங்குமான்னு..." போன் கார்டு தீர்ந்துவிட்டது.

மறுநாளும் பேசினேன், அதற்கடுத்த நாளும் பேசினேன். எங்கே விழுந்தாள் என்று மட்டும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே! வேலையில் ஈரத்துணி போட்ட இடத்தில் எல்லாம், ஒரு ஆள் காலைத் தூக்கிக்கொண்டு விழுகிற படம் போட்ட மஞ்சள் பலகையை வைப்பது என் கடமை. முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குப் பலகை வைத்தவன், சொந்த அக்காவுக்கு வழுக்கல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பலகையில் விழுகிற அந்த ஆளுக்கு முக்காடு போட்டாற்போலத் தெரிய ஆரம்பித்தது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். கூடவே ஒரு பழைய மஞ்சள் பலகையும் கேட்டேன். அவர் இரண்டையும் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திருச்சியில் கஸ்டம்ஸ்காரர், "என்னங்க இது?" என்றார்.

"எங்க அக்காவுக்குங்க."

வீட்டுக்குப் போக முகமில்லை. நேரே தஞ்சாவூர்க் கடைக்கு வண்டியை விடச் சொன்னேன். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒவ்வொரு டைல்ஸிலும் தண்ணீரை ஊற்றி ஏறி நின்றேன். பிறகு தேங்காய் எண்ணெய் கேட்டேன். பிறகு, வடித்த கஞ்சி கிடைக்குமா என்று கேட்டேன்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "பாய், டைல்ஸ் வாங்க வந்தீங்களா, தொழுகைக்குக் கால் கழுவி ஒளு செய்ய வந்தீங்களா?"

வெள்ளை டைல்ஸில் என் கால் வழுக்கி ஓடியது. கடைசியில் கால் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன். அதே சாம்பல் பழுப்பு. பஸ் ஸ்டாண்டு சரக்கு.

குட்டியானை வண்டியில் டைல்ஸ் பெட்டிகளோடு வீட்டில் வந்து இறங்கினேன். லாத்தா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. பலகையைக் கீழே வைத்துவிட்டு, விமானத்தில் ஒத்திகை பார்த்த வசனத்தை எல்லாம் மறந்து அழுதேன்.

"என்னை மன்னிச்சிரு லாத்தா. நீ சொன்ன டைல்ஸையே வாங்கிட்டு வந்துட்டேன். அந்தப் பாழாப்போன வெள்ளையை நானே உடைச்சுப் போடுறேன்."

"எதுக்குடா உடைக்கிற? அது என்ன பண்ணுச்சு பாவம்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அடுப்படிக்குள் போனேன். வெள்ளைத் தரையில் ஒரு மஞ்சள் கறை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மூலையில் கம்பெனி ஸ்டிக்கர்கூட உரியாமல் இருந்தது. அடுப்பு மட்டும் இல்லை.

"போனை எடுத்தா டைல்ஸ் டைல்ஸுன்னே கேப்ப," என்றாள் லாத்தா பின்னாலிருந்து. "அதுல குழம்பு கொட்டிருச்சுன்னா உனக்கு யாரு பதில் சொல்றது? அதான், நாங்க பின்னாடியே வச்சுக்கிட்டோம்."

கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை. அதில் அடுப்பு, அம்மி, கஞ்சிப்பானை, எல்லாம்.

என் டைல்ஸில் யாரும் வழுக்கி விழவில்லை. குடிவந்த நாள் முதல் அதில் யாரும் சமைக்கவே இல்லை. லாத்தா விழுந்தது கொல்லைப் பாசியில், மழையில், கொட்டகையிலிருந்து சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது.