பாவா என்ற சொல்

எங்கள் குடும்பத்தில் அக்காள் கணவரைப் பாவா என்போம். கட்டிய கணவரையும் பெண்கள் பாவா என்றே கூப்பிடுவார்கள். தெலுங்கு கலந்து புழங்கும் திருத்தணிப் பக்கம் இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆர்.கே.பேட்டையில் இருந்த சித்தி மகள் என் கணவரைப் பாவா என்றாள். அவரோடு வாழப் போன பிறகும் பாவா என்றுதான் சொல்கிறாள். நான் நாளிதழில் பிழை பார்த்துப் பழகியவள். தவறான சொல் என்றால் கண் நின்றுவிடும். இந்தச் சொல் முன்பும் சரியாக இருந்தது, பின்பும் சரியாக இருந்தது.

விவாகரத்து மனு போட்டதும் திருத்தணியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். சென்னை அலுவலகத்துக்கு ரயிலில் போய்வந்தேன். பேருந்திலோ கடையிலோ யாராவது யாரையாவது பாவா என்று கூப்பிட்டால் உடனே அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஒருமுறை மளிகைக் கடையில் பையை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினேன். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குத் தப்ப முடியாது. அதைக் கேட்டுக்கொண்டு இங்கே வாழ முடியுமா என்று தெரியவில்லை.

அலுவலகத்துக்கு அருகில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். மைண்ட்ஃபுல்னெஸ் சிகிச்சை. எங்கள் இணைப்பிதழில் அதை முழுக்கவனம் என்று எழுதுவோம்.

"அந்த வார்த்தை காதுல விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"எழுந்து போயிடுவேன்."

"போகாதீங்க. வெறும் சத்தமா கேளுங்க, பஸ் ஹாரன் மாதிரி. உடம்புல என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க."

காலையில் உட்கார்ந்து பழகினேன். அம்மாவுக்குக் கேலி. "மலை மேல முருகன் கீறாரு, நீ இங்க குந்திகினு மூச்ச எண்ணிகினு கீற." ஆனாலும் நான் உட்கார்ந்தால் மிக்சி போட மாட்டாள்.

கொஞ்சம் பலன் இருந்தது. ரயிலில் ஒரு பெண் போனில் தன் பாவாவோடு சண்டை போட்டாள். நான் இடம் மாறி உட்காரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் மூடி உட்கார்ந்திருந்தேன். மலைக்குப் போகும் வண்டிகளின் ஹாரன், வாளியில் தண்ணீர் விழும் சத்தம், பின்கட்டில் அம்மா போன் பேசும் குரல்.

"ஆங்... வாந்தி நின்னுச்சா? பாவா ஊட்லதான் கீறாரா? சாப்ட்டாரா?"

விரல்கள் குளிர்ந்தன. சொல்லிக்கொடுத்தபடி கவனித்தேன். முன்பென்றால் அந்தச் சொல்லிலேயே எழுந்து போயிருப்பேன், மிச்சம் காதில் விழுந்திருக்காது.

"அழுவாதடீ. மொதல்ல என்னாண்டதான வந்து சொன்ன? இவகிட்ட நான் இன்னும் மூச்சு உடல."

அம்மா உள்ளே வந்தபோது என் கண் திறந்திருந்தது.

"அவங்க ரெண்டு பேரு விஷயத்த அவ எப்பம்மா உங்கிட்ட சொன்னா?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை.

"போன ஆடிக்கிருத்திகைக்கு முன்னாடி. அவளும் என் தங்கச்சி பொண்ணுதான? யார நான் தள்றது?"

அந்த ஆடிக்கிருத்திகைக்கு அவர்கள் இருவரும் இதே வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அப்போது அவர் என் கணவர். நான்தான் பரிமாறினேன். "பாவாவுக்குத் தண்ணி குடுமா" என்று அம்மா அவளிடம் சொன்னாள், அவள் எழுந்து கொடுத்தாள். எல்லாம் தெரிந்த பிறகு அம்மா அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இறுதி விசாரணைக்குத் துணைக்கு வருவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

"கோர்ட்டுக்கு நீ வர வேணாம்மா."

"தனியாவா போவ?"

"ஆங்."

அடுத்த முறை போனபோது, அந்த வார்த்தை இப்போது எப்படி இருக்கிறது என்று ஆலோசகர் கேட்டார்.

"பாவான்னா இப்ப ஒண்ணும் ஆகறதில்ல. அம்மா போனை எடுத்துக்கிட்டு பின்பக்கம் போனா ஆகுது" என்றேன்.

அரக்கோணத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.