றெக்கைப் பங்கு

பித்தளைக் கிண்ணத்தை மூடியிருந்த வாழையிலைத் துண்டை விலக்கிப் பார்த்தேன். காலையில் நான் அனுப்பிய கோழித்தொடை அப்படியே இருந்தது. மசாலா ஆறிப்போய் எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. விரல் பட்ட தடம்கூட இல்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்த என் ஓரகத்தியின் மகள், "அம்மா வேணாம்னுட்டாக, சின்னம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளுக்கு, என் புருஷன் போட்ட தடையை மீறி, இருந்த ஒரே வெடக்கோழியை அடித்து, அதில் ஆக உயர்ந்த துண்டை எடுத்து அனுப்பினால் அதையும் திருப்பி அனுப்புகிற திமிர் யாருக்கு வரும்? அவளுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கறியை நானும் தின்னவில்லை.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கோச்சடைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் அங்கே வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வைகைக் கரையை ஒட்டி நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். சோற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் விருந்தாளி வந்தால்தான் கோழி. பங்கு வைப்பவர் மாமியார். அந்தப் பங்கில் ஒரு நாளும் மாற்றம் வந்து நான் பார்த்ததில்லை. தொடை இரண்டும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு. நெஞ்சுக்கறி வீட்டு ஆண்களுக்கு, ஈரல் பிள்ளைகளுக்கு, கழுத்து மாமியாருக்கு. றெக்கை இரண்டும் மருமகள்களுக்கு, ஆளுக்கு ஒன்று.

பிறந்த வீட்டில் நான் ஒரே பெண். கேட்டதைத் தின்று வளர்ந்தவள். முதல் தடவை என் பங்காக ஒரு றெக்கை வந்து விழுந்ததும் முகம் சுருங்கிவிட்டது. அக்கா அதைக் கவனித்துவிட்டாள். "ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நம்ம பங்குலதான் மூணு ருசி இருக்கு. தொடையில என்ன இருக்கு, அம்புட்டும் ஒரே சதை" என்றாள். மாமியார் கேட்கக் கூடாது என்பதற்காக மெதுவாகச் சொன்னாள்.

அதன்பிறகு றெக்கைகளை அவள் குழம்பில் மொத்தமாகப் போட விட்டதில்லை. கோழியை ஓலை நெருப்பில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவியதும் றெக்கைகளை மூட்டு மூட்டாக நறுக்கித் தனியே எடுத்து வைத்துக்கொள்வாள். தோளோடு ஒட்டிய துண்டு சின்னத் தொடை மாதிரி திரண்டிருக்கும். அது குழம்பில் வேகும். நடுத்துண்டில் இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், நடுவே ஒரு நாடா அகலத்துக்குச் சதை. அதைச் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு நல்லெண்ணெயில் சுருள வதக்குவாள். நுனியில் கறியே கிடையாது, தோலும் குருத்தெலும்பும்தான். அதில் உப்பைத் தடவி அடுப்புத் தணலில் போட்டுவிடுவாள். தோல் உப்பி மொறுமொறுப்பானதும் சாம்பலை ஊதிவிட்டுக் கடிக்க வேண்டும்.

எல்லாரும் சாப்பிட்டு ஓய்ந்த மத்தியானத்தில் நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து தின்போம். எது மேல் என்று சண்டை வரும். அவளுக்கு நுனிதான் உயிர். எனக்கு நடுத்துண்டு, இரண்டு எலும்புக்கும் இடையில் நாக்கை விட்டு அந்தச் சதையை உருவுவதற்கு ஈடு ஏது என்பேன். "எலும்புக்கு நடுவுல தேடித் தேடித் தின்கிறதுக்கு நீ என்ன எறும்பா?" என்பாள். சாம்பலைத் தின்கிறவளுக்குப் பேச்சைப் பார் என்பேன் நான். பன்னிரண்டு வருஷம் அந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை.

மாமியார் கண்ணை மூடிய இரண்டாம் வருஷம் அண்ணன் தம்பிக்குள் கிணற்றுத் தண்ணீரில் தகராறு வந்தது. யார் என்றைக்குக் கமலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது என்பதில் தொடங்கியது, வீட்டு முற்றத்தின் நடுவே மண் சுவர் எழும்பியதில் முடிந்தது. என் கணவர் வாசலில் நின்று சொன்னார்: "அங்கிட்டு வெந்தது இங்கிட்டு வரக் கூடாது. இங்கிட்டு வெந்தது அங்கிட்டுப் போகக் கூடாது." நானும் அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

சுவர் வந்தபின் இரண்டு றெக்கையும் எனக்குத்தான். ருசி குறையவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடுத்துண்டுதான் உசத்தி என்று யாரிடம் சொல்வது? சில நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து றெக்கை நுனி தணலில் பொசுங்கும் வாசனை வரும். கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதுரையில் பேச்சாக இருந்த சமயம். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, அது விடாமல் நெஞ்சில் இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வைத்தியர் கையை விரித்துவிட்டாராம். கணவர் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சிம்மக்கல் மண்டிக்குப் போயிருந்த ஒரு காலையில்தான் அந்த வெடக்கோழியை அடித்தேன். காலமெல்லாம் றெக்கையைத் தின்றவளுக்கு ஒரு நாளாவது தொடை கிடைக்கட்டும் என்று என் புத்திக்குப் பட்டது. அவள் மகளைக் கொல்லைப் பக்கமாகக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினேன். அதுதான் திரும்பி வந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் நான் வீம்பாக இருந்தேன். பிறகு ஒரு நாள் ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பக்கத்துக் கல்லுக்கு வந்தாள். என் கோபத்தை அவளிடம் காட்டினேன். அவள் நிமிரவில்லை. "அம்மா இலையைத் தொறந்து பாத்தாக. 'தொடைய யாருக்கு வைப்பாக? நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியாயிட்டேனா'ன்னு கேட்டாக. அன்னைக்கெல்லாம் அழுதாக, சின்னம்மா."

துணியை அப்படியே கல்லில் விட்டுவிட்டு எழுந்தேன். வீட்டில் கோழி இல்லை. எதிர்வீட்டில் கேட்டு ஒன்று வாங்கினேன். அவசரத்தில் மூட்டு எது எலும்பு எது என்று பாராமல் முதல் றெக்கையைச் சிதைத்துவிட்டேன். இரண்டாவதை நிதானமாக நறுக்கினேன். அவள் செய்கிறபடியே ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு விதமாகச் சமைத்தேன்.

கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "எங்க போற?" என்றார்.

"அக்காவுக்குக் கறி கொண்டு போறேன்."

"நான் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல" என்றேன். அவர் எழுந்தார். நான் நிற்கவில்லை. கொல்லைப் பக்கமாக அல்ல, தெரு வழியாகவே போனேன். பின்னால் வருவார், தட்டைத் தட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

அக்கா பாதியாகிவிட்டிருந்தாள். அவள் மகளும் நானுமாகச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தோம். தட்டை மடியில் வைத்ததும் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நுனியை எடுத்துக் கடிக்கப் பார்த்தாள், பல்லுக்கு வலு இல்லை. கீழே வைத்துவிட்டாள். நான் எலும்புகளைப் பிரித்து, நடுத்துண்டின் சதையை எடுத்து அவள் வாயில் வைத்தேன். நெடுநேரம் மென்றாள். நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே என்று எந்தச் சாமியையோ வேண்டினேன். அசலார் வீட்டில் அப்படித்தானே சொல்வார்கள்.

"உப்புப் பத்தல" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இதைத்தான் இம்புட்டு நாளா உசத்தி உசத்தின்னு பீத்திக்கிட்டு இருந்தியாக்கும்" என்றாள்.

"காய்ச்சக்காரி நாக்குக்கு ருசி எங்க தெரியும்?" என்றேன். சொல்லிவிட்டு அவள் மடியிலேயே விழுந்து அழுதேன். அவள் கை என் தலையில் இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள்.

இப்போது என் பேரன் கடையிலிருந்து றெக்கையை மட்டும் கிலோக் கணக்கில் வாங்கி வருகிறான். அந்தக் கோழிகளுக்கு ஓடத் தெரியாது. எலும்பை விட்டுச் சதை வெண்ணெயாகக் கழன்றுவிடுகிறது. ஆனாலும் மூட்டு மூட்டாக நறுக்கி, வயதான கைக்கு முடிந்தவரை முன்போலவே நானே சமைக்கிறேன். பிள்ளைகளும் மருமகள்களும் சுற்றி உட்கார்ந்து, நன்றாயிருக்கிறது, நன்றாயிருக்கிறது என்று தின்கிறார்கள். மரியாதையான பிள்ளைகள். போன வாரம் உப்புப் போடவே மறந்துவிட்டேன். அன்றும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.