வேலிக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

என் மகளின் சிரிப்பை நான் அதிகம் கேட்டது என் சகலையின் தோட்டத்திலிருந்துதான்.

ஓடைப்பட்டியில் அவருடைய திராட்சைப் பந்தலுக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு முள்வேலி மட்டும்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட இளையவர். பழம் எடுக்க வரும் கேரளத்து வியாபாரிகள் முதலில் அவரிடம்தான் போவார்கள். மலையாளத்தில் அப்படி வெளுத்துக் கட்டுவார். அதுகூட எனக்குப் பெரிதாக உறுத்தியதில்லை. என் தோட்டத்துப் பழமும் ஒன்றும் சோடையில்லை. என் ஒரே பிள்ளை அன்றாடம் சாயங்காலம் அவரிடம் போய் உட்கார்ந்துகொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நர்சிங் முடித்துவிட்டுச் சின்னமனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவாள், காப்பி குடிப்பாள், "சித்தப்பாவப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிவிடுவாள். என்னோடு பேசுவது "சாப்டீகளாப்பா" என்பதோடு சரி.

ஒருநாள் மருந்தடிக்கும் சாக்கில் வேலியோரம் போய் நின்றேன். இரண்டு பேரும் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் எதையோ தப்பாகச் சொல்ல, அவர் திருத்த, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே பேசுகிறார்கள் என்று தோன்றியது. மருந்தடிக்காமலே திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். "அண்ணே, நம்ம ஸ்பிரேயர் மக்கர் பண்ணுது. ஒங்களுத செத்த நேரம் குடுங்கண்ணே."

"எனக்கு வேல இருக்கு" என்றேன். மிஷின் சும்மாதான் கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார். "சரிண்ணே, ஒண்ணுமில்ல" என்று சிரித்தபடியே போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனுஷனிடம் ஒரு குறையாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டே இருந்தேன். அகப்படவில்லை.

பிறகு ஒருநாள் சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "பிள்ளைக்குக் கோட்டயத்துல பெரிய ஆஸ்பத்திரியில வேல கெடச்சிருக்கு. அதுக்குத்தான் மலையாளம் படிக்கிறா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, கொழுந்தியாளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசி. கையை உதறிவிட்டு எழுந்து மகளைக் கூப்பிட்டேன்.

"ஒன்னையப் பெத்தவன் நானா, அவரா?"

அவள் அழவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. "நீங்கதாம்ப்பா. ஆனா சித்தப்பாகிட்டச் சொன்னா முழுசாக் கேப்பாக. நீங்க நான் வாயத் தொறக்கும்போதே வேணாம்னு சொல்லிருவீக."

கொஞ்ச காலத்துக்கு முன்புதான் எங்கள் தெருவில் ஒருவர் தன் மகளைக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்றார். நான் அவர் வீடு தேடிப் போய், "பிள்ளைக்கு என்ன இஷ்டம்னு ஒரு வார்த்த கேளுங்கய்யா" என்று மன்றாடினேன். அந்தப் பெண் இன்றைக்குப் படிக்கிறாள். ஊருக்காகச் சொன்ன சொல் இல்லை அது, நான் மனதார நம்புவது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை என் வீட்டில் நான் கேட்டதே கிடையாது. என்னிடம் இருந்த எதையும் சகலை பிடுங்கிக்கொள்ளவில்லை. நான் காலியாக விட்ட இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். இது புரிந்ததும் பொறாமை குறைந்திருக்க வேண்டும். கூடத்தான் செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தலில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் டீ கொண்டுவந்தாள். கழித்த கொடிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தேன்.

"அங்கன என்ன வேலம்மா ஒனக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலையாம். ஹாஸ்டல், மழை, தூரம், வந்துகொண்டிருக்கிற வரன்கள் என்று எனக்குள் ஒவ்வொரு பேச்சாக எழும்பி வந்தது. ஒவ்வொன்றையும் டீயோடு விழுங்கினேன். நான் குறுக்கே விழவில்லை என்று தெரிந்ததும் அவள் பேச்சு மடை திறந்துகொண்டது. உயிருக்குப் போராடி வந்த ஒருவர் எழுந்து நடந்து போவதைப் பார்த்தால் அன்றைக்குச் சோறே வேண்டியதில்லை என்றாள். என் பிள்ளைக்குள் இப்படி ஒருத்தி இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். டீ டம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகியும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியொரு சந்தோஷம் நல்ல விளைச்சலில்கூட எனக்கு வந்ததில்லை.

"போய்ட்டு வா ஆத்தா" என்றேன்.

கோட்டயத்தில் கொண்டுபோய் விட, சகலையை நானே போய்க் கூப்பிட்டேன். "நீங்களும் வாங்க. அங்கன பாஷ தெரியாம நான் முழிச்சுக்கிட்டு நிக்கணும்." வேட்டியைக்கூட மாற்றாமல் வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். குமுளி தாண்டியதும் வழி கேட்டது, சாப்பாடு சொன்னது, ஹாஸ்டல் வார்டனிடம் பேசியது எல்லாம் அவர்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். இரண்டு பேரும் முன்னால் சிரித்துக்கொண்டு போனார்கள். பழைய எரிச்சல் தலைதூக்கியது. ஆனால் வாசலில் அவள் என் பக்கம் திரும்பி, "போன் பண்றேம்ப்பா, நெறையப் பேசணும்" என்றாள். அது போதுமாக இருந்தது.

பண்ணவும் செய்கிறாள். முந்தாநாள் பேசியபோது அவள் குரலில் ஒரு பூரிப்பு. தோட்ட வேலைக்காகக் கம்பம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்கு நெஞ்சுவலியாம். மலையாளம் தெரியாமல் மிரண்டுபோய்க் கிடந்தவருக்கும் டாக்டருக்கும் நடுவில் இவள்தான் நின்று பேசியிருக்கிறாள். பிழைத்துக்கொண்ட அந்த அம்மா இவள் கையை விடவே இல்லையாம்.

"மொதல்ல ஒங்ககிட்டத்தாம்ப்பா சொல்றேன்" என்றாள்.

மறுநாள் காலையில் சகலை வேலியோரம் வந்து, "பிள்ள பேசுச்சாண்ணே?" என்று கேட்டார்.

"பேசுச்சு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மத்தியானம் வரைக்கும் அதை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு வேலியைத் தாண்டிப் போய், அவர் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.