கரும்பைத் தின்ற வெள்ளைப் புழுக்கள்

அந்த வருடம் எங்கள் கரும்பு இழுத்த கையோடு வந்தது. தீவின் கிழக்கே, சென்ட்ர் டி ஃப்ளாக் ஊர்ப் பக்கத்தில் எனக்கும் என் கணவருக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. கல்லைப் பொறுக்கிக் குவித்து நாங்களே உண்டாக்கிய நிலம். மஞ்சளாகிப்போன ஒரு தூரைப் பிடித்து இழுத்தேன். அடியில் வேரே இல்லை. குழிக்குள் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அவற்றை முத்தூக் என்போம்.

சில மாதங்களில் எங்கள் ஊரின் சிறு தோட்டங்கள் எல்லாம் பொட்டலாகிவிட்டன. காற்றடித்தால் புழுதி வந்து சோற்றில் விழும். சந்தையில் ஒருத்தி கேட்டாள், "உங்க ஊர்ல புழு கன்னுக்குட்டியையே மண்ணுக்குள்ள இழுத்துட்டுப் போகுதாமே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு நாள் அரசாங்கத்தின் பூச்சி ஒழிப்பு அதிகாரி குதிரை வண்டியில் வந்தார். மிசியே என்று நாங்கள் கூப்பிடும் அந்தத் துரை பேசியதைத் தமிழில் சொல்ல, பக்கத்து எஸ்டேட்டில் கூலியாட்களை மேய்க்கும் சர்தார் கூடவே வந்திருந்தார்.

"நீங்க தோட்டத்த அழுக்கா வெச்சிருக்கிறதாலதான் புழு வந்துச்சுன்னு மிசியே சொல்றாரு. எல்லாத் தூரையும் தோண்டி எரிக்கணும்."

என் கணவர் கைகட்டி நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் கரும்பு நிக்குதே, அதையும் எரிக்கச் சொன்னாரா?" என்றேன்.

"அங்க புழு இல்ல."

"தோண்டிப் பாத்தீங்களா?"

"பொம்பள நீ பேசாத."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்சுவரைத் தாண்டினேன். பச்சைப் பசேலென்று நின்ற முதல் தூரிலேயே வெட்டினேன். ஒரே வெட்டில் ஏழெட்டுப் புழுக்கள் புரண்டன. அள்ளிக்கொண்டு வந்து அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "கெத் சா, மிசியே! இதப் பாருங்க!"

அவர் பின்வாங்கிப் பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதினார். புழுவைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று நம்பினேன். என்ன ஏமாளி நான்! அனுமதியில்லாமல் எஸ்டேட் நிலத்தில் கால் வைத்தேன் என்று மறுநாள் எனக்கு நோட்டீஸ் வந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். ஐந்து பெண்கள் என்னோடு புறப்பட்டார்கள். எஸ்டேட் ஓரத்தில் தோண்டி, மண்ணெண்ணெய் டின்கள் நிறையப் புழு சேர்த்தோம். என் கணவர் வண்டியில் மாட்டைப் பூட்டினார். அதிகாரியின் அலுவலக வாசற்படியில் டின்களைக் கவிழ்த்தோம். குமாஸ்தா நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"இதெல்லாம் எஸ்டேட்ல எடுத்தது. போயி எழுதச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

என்மேல் இருந்த புகாரைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். அடுத்த மாதமே எஸ்டேட் நூறு ஆளை இறக்கி அந்த வயலைத் தோண்டியது. வண்டி வண்டியாகப் புழு போனது. ஆனால் அதிகாரியின் உத்தரவுப்படி எரித்த எங்கள் தூர்கள் அதற்குள் சாம்பலாகியிருந்தன. இரண்டு மழைக்காலம் அந்த மண்ணில் எதுவும் முளைக்கவில்லை. என் கணவர் கல் உடைக்கப் போனார். நான் அடுத்தவர் வயலில் களையெடுத்தேன்.

பிறகு ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். முத்தூக்கை முதலில் கண்டுபிடித்துத் தடுத்தவர் என்று எஸ்டேட் மேனேஜருக்கு மாலை போட்டார்கள். சர்தார் கைதட்டினார். எங்கள் ஆட்களிலும் சிலர் தட்டினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். இத்தனை வயதாகியும் அந்தக் கைதட்டலை என்னால் மன்னிக்க முடியவில்லை.