ஆபரேஷன் காலையில் நான் ஊட்டிய பொங்கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதினால் என் தப்பு ஊருக்குத் தெரியும். எழுதாவிட்டால் ஒரு நல்ல டாக்டரம்மாவின் பேர் கெட்டது கெட்டதாகவே நிற்கும்.

அறுபதுகளில் நாங்கள் சிதம்பரத்தில் குடியிருந்தோம். என் மனைவிக்குக் குடல்வால் வீங்கி, கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை ஆபரேஷன், வயிறு காலியாக இருக்கவேண்டும் என்றார்கள். நான் விடியலில் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு நடந்துபோய் அவள் பேருக்கு அர்ச்சனை செய்து, பிரசாதப் பொங்கலைக் கொண்டுவந்து ஊட்டினேன். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினாள். சாப்பாடு என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"ஏதாச்சும் சாப்ட்டியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "இல்லீங்க" என்றாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. மூன்று நாள் உயிருக்குப் போராடினாள். டாக்டரம்மா வார்டை விட்டு நகரவில்லை.

அவள் கண் திறந்த அன்று, அவள் தம்பி ஒரு மனுவோடு வந்தார்.

"அந்தம்மா வேலை போவணும் மாமா. போடுங்க கையெழுத்த."

நான் கையெழுத்துப் போடவில்லை. பொங்கல் கொடுத்ததைச் சொன்னேன்.

"அப்ப மனுவுல உங்க பேரத்தான் எழுதணும்!" என்றவர், என்னை நேரே டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனார்.

பொங்கல் ஊட்டியதைக் கேட்டும் டாக்டரம்மா திட்டவில்லை. வார்டில் நடக்கும் தவறுகளையெல்லாம் எழுதிவைக்கும் நோட்டை எடுத்தார். "தப்பு என் கேள்வியிலயும் இருக்குதுங்க. சாப்ட்டியான்னு கேட்டேன், பிரசாதம் எடுத்துக்கினியான்னு கேக்கல" என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார். என் பேரைப் போடவில்லை. தன் பேரைப் போட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களிடம், "காப்பி? தண்ணி? பிரசாதம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"துன்னூறு கூடவா ஆவாது?" என்றாள் மீன்காரப் பெண் ஒருத்தி.

"நெத்தியில எவ்ளோ வேணா பூசிக்கோ. வாயில போட்டுக்காத!"

இன்றும் எங்கள் உறவில் சிலர், "அந்தம்மா கொல்லப் பாத்தாங்க" என்கிறார்கள். வேறு சிலர் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். இதைப் படிப்பவர்கள் யாரிடம் சொன்னாலும் நடந்தபடியே சொல்லுங்கள். எனக்கு இரக்கப்பட்டுப் பொங்கலை மறைக்கவேண்டாம். கேட்காமல் விட்டதாக அவர் தன் கையாலேயே எழுதியதையும் விட்டுவிடவேண்டாம்.