தானியா ஓடிய ஒழுங்கை

எங்கள் ஒழுங்கை கடலடியில் தொடங்கிக் கல்லடிப் பாலத்துக்குப் போகும் வீதியில் ஏறும். அதன் நடுவில் தானியாவின் வீடு, நான் எதிர்வீடு. அவளுக்கு நாற்பத்தொரு வயது, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பம், கல்யாண உடுப்புத் தைப்பவள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் மெல்பேர்னில். தையல் மெஷினும் இவளும்தான் மிச்சம்.

அக்கா பட்ரிசியா போனில் சொன்னாள்: "தை மாசம் வாறன். ரெண்டு பேரும் கொழும்பில நாப்பத்திரண்டு கிலோமீற்றர் மரதன் ஓடுவம். இப்பவே பழகு." காலுக்குப் போட்டு ஓடச் சப்பாத்தும் அனுப்பினாள். பிறகு லீவு கிடைக்கவில்லை என்றாள். வேறு யாரென்றாலும் சப்பாத்தை அலுமாரிக்குள் போட்டிருப்பார்கள். தானியா பிடிவாதக்காரி, தனியாகவே ஓடத் தொடங்கினாள்.

பகல் முழுக்கக் குனிந்து தைக்கிற முதுகு முதல் வாரமே சண்டைக்கு வந்தது. பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. தொடை உரசிப் புண்ணான இடத்தில் வஸலின் பூசிக்கொண்டு மறுபடி போனாள். பக்கத்தில் ஓடுபவரோடு கதைக்க முடிகிற வேகம்தான் தூர ஓட்டத்துக்குச் சரி என்று யூடியூப்பில் ஒரு பயிற்சியாளர் சொன்னாராம். இவளுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஜெபமாலையை வாய்விட்டுச் சொல்லியபடி ஓடினாள். மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைப்பாள்.

ஒரு விடியற்காலை கடலடியிலிருந்து ஒழுங்கைக்குள் வேகமாக ஓடி வந்தாள். வாசல் கூட்டிக்கொண்டிருந்த கேதீஸ்வரி அக்கா அவளைக் கண்டதும் விளக்குமாற்றை எறிந்துவிட்டு, மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அதைப் பார்த்து அடுத்த வீடு ஓடியது. பிறகு ஒழுங்கையே ஓடியது. நானும் ஒற்றைச் செருப்போடு ஓடினேன். சுனாமி இந்த ஒழுங்கையில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று தெரிந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.

எங்களை முந்திப் போயிருந்த தானியா பாலத்தடியில்தான் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பேர் தன்னோடு ஓடி வருகிறார்களே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எங்கள் முகங்களைக் கண்டாளாம்.

கேதீஸ்வரி அக்கா மகளின் கையை விடாமலே ஏசினார். "கடல் பக்கமிருந்து இப்பிடி ஓடி வந்தா நாங்க என்னெண்டு புள்ள நினைக்கிற? ஓடுறெண்டா கடல் பக்கமா ஓடு. வரக்குள்ள நடந்து வா."

அன்றிலிருந்து அதுவே சட்டம். ஆனால் பாதித் தூரத்தை நடந்தால் மரதன் ஓட முடியுமா? ஞாயிறு பூசை முடிந்ததும் வவுணதீவுக்கு பஸ் ஏறினாள். அங்கே வயல் வட்டைகளுக்கு நடுவே நீண்ட வீதி. ஓடுகிறவளைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. "பஸ்ஸ விட்டுட்டியா மகள்?" என்று கேட்டார்கள். ஓர் ஓட்டோக்காரர் காசு வேண்டாம், ஏறு என்றார். அந்த வீதியில் அவளுக்குக் கிடைத்த பேச்சுத்துணை அவ்வளவுதான்.

மார்கழி மழையில் வவுணதீவு வீதி வெள்ளத்துக்குள் போனது. முப்பது கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று இன்னும் பாக்கி. அதை நிற்காமல் முடித்தால் கொழும்பு, இல்லாவிட்டால் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். கேதீஸ்வரி அக்காவிடம் போனாள்.

"ஒரு நாளைக்கு மட்டும் அக்கா. பாலத்துக்கும் கடலடிக்கும் மாறி மாறி. வரக்குள்ளயும் ஓடித்தான் வரவேணும்."

அக்கா கடல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரி புள்ள. எல்லா வீட்டுக்கும் நானே சொல்றன். நீ வரக்குள்ள நாங்க வாசல்ல நிப்பம். நீதான் ஓடுறாய் எண்டு தெரிஞ்சா ஒருத்தரும் பயப்பட மாட்டம்."

தானியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் ஓடுவதைப் பார்க்க ஆட்கள் நிற்கப்போகிறார்கள். என் வீட்டுக்கும் வந்து, "நீங்களும் நிப்பீங்கதானே அண்ணன்?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

சொன்னபடி ஞாயிறு விடிய எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். கடல் இரைந்துகொண்டிருந்தது. தானியா கடலடியில் திரும்பி எங்களை நோக்கி ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினாள். யாரும் கையசைக்கவில்லை. கேதீஸ்வரி அக்கா மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். எல்லாரும் தானியாவின் தோளுக்கு மேலால் கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கையை இறக்கிவிட்டு எங்களைக் கடந்து போனாள். அடுத்த தடவை கையை உயர்த்தவில்லை.

முப்பதையும் நிற்காமல் முடித்தாள். தன் வீட்டு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவளிடம், நன்றாக ஓடினாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஓடியதை நான் பார்க்கவே இல்லை.